மோட்டார் வண்டியின் அகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முதுமொழி. மனிதரிடத்தில் அது பெரும்பாலும் பொருந்தும். மோட்டார் வண்டியிடத்தில் பொருந்துவதில்லை. தெருவோரத்தில் நிற்கும் பழைய வண்டியொன்று புதிதாகப் பூசப்பெற்ற வர்ணத்தினால் கண்ணைப் பறிக்கலாம். ஆயினும் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்த பின்னரே அதன் உண்மை நிலை நமக்குப் புலனாகும். தொய்ந்துபோன கூரைத்துணி தலையைத் தொடும். இருக்கையின் கம்பி முதுகிற் குத்தும். தரைவிரிப்பைச் சற்று உயர்த்தினால் ஈரமும் துருவும் கண்ணிற்படும். தெருவில் நிற்பவருக்கு வண்டியின் வெளித்தகடு தெரிகின்றது. அதில் பயணம் செய்பவருடைய உடலைத் தொடுவதோ அதன் உட்புறம். அந்த உட்புறத்தை வீட்டில் இருந்தபடியே நாம் எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம், அமைக்கும்போது எவற்றையெல்லாம் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்று, ஆசிரியனாகி, அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவன். இத்துறையில் எனக்குள்ள சிற்றறிவு முழுவதும் ஒரே ஒரு வண்டியிடமிருந்து பெற்றதாகும். என் தந்தையார் 1962ஆம் ஆண்டிலே பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்றை வாங்கினார். 1990ஆம் ஆண்டில் நாங்கள் திருகோணமலையை விட்டு வெளியேற நேர்ந்தபோது, அதனை உறவினர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் விட்டுச் சென்றோம். பல ஆண்டுகளின் பின்னர் திரும்பி வந்து பார்த்தபோது, தகட்டுக் கூடும் இயந்திரமும் எஞ்சியிருந்தன. இருக்கைகள் இல்லை, கதவுப் பலகைகள் இல்லை, கூரைத்துணி இல்லை, தரையின் ஒரு பகுதியும் இல்லை. அவை எங்கே போயின என்று நாங்கள் எவரையும் கேட்கவில்லை. அக்காலத்தில் விறகும் துணியும் எவருக்கும் தேவைப்பட்ட பொருள்கள் அல்லவா?

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே பாடசாலைகள் மூடப்பட்டன. அதே மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியையும் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான அந்தத் தடை 2025ஆம் ஆண்டு மாசி மாதத்திலேதான் நீங்கியது. புதிய வண்டி வாங்க வழியில்லை. பழைய வண்டிகளின் விலையோ நாளுக்கு நாள் ஏறிற்று. அந்நிலையில், கொட்டிலிற் கிடந்த கூட்டை மீண்டும் வண்டியாக்குவதென என் மகளும், இயந்திர வேலை அறிந்த என் மருமகனும், நானும் முடிவு செய்தோம். இயந்திரத்தை மருமகன் பார்த்துக்கொண்டான். உள்வேலை என் பங்காயிற்று.

இந்த வண்டியின் வரலாற்றிற் சிறிது கூறுதல் பொருத்தமாகும். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், உருவாகி நின்ற மாதிரி வண்டியை நோக்கிய இசிகோனிஸ், அது மிகவும் ஒடுங்கியுள்ளது என எண்ணினார். வண்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் செய்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலமே தக்கது எனத் தீர்மானித்தார். இதனால் முன்மூடியின் நடுவே நான்கு அங்குலப் பட்டையொன்று சேர்க்கப்பட்டது. இன்றும் அதனை நாம் காணலாம். உள்ளே அமர்பவருடைய தோள்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, முடிந்துபோன வண்டியையே பிளக்கத் துணிந்த அச்செயல், உள்வேலை செய்யப் புகும் எவருக்கும் நல்ல பாடமாகும். 1971ஆம் ஆண்டு வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர் வண்டிகள் செய்யப்பட்டன.

நம் நாட்டில் இவ்வினத்து வண்டிகள் இத்துணைக் காலம் நிலைத்தமைக்கு அன்பு மட்டும் காரணமன்று. இல்லாமையும் ஒரு காரணம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய வண்டிகளை அரியனவாக்கியது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் செல்லத் தடையிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சில துளி பெற்றோலினால் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். அதே பத்தாண்டுக் காலத்தில், இங்கிலாந்தின் பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயார் என்பவர், இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து இங்கேயே மைனர் வண்டியின் உறுப்புகளைச் செய்விக்கத் தொடங்கினார். பிறந்த நாட்டில் வழக்கொழிந்த தொழில், வந்து சேர்ந்த நாட்டிலே கைத்தொழிலாக நிலைபெற்றது.

வீட்டிலே வண்டி கட்டுவது மேனாட்டிலும் புதிதன்று. பிற்காலத்திற் பந்தய வண்டிகளாற் புகழ்பெற்ற லோட்டஸ் நிறுவனத்தின் தலைவர் கொலின் சப்மன், 1948ஆம் ஆண்டில் மாணவராக இருந்தபோது, பழைய ஒஸ்ரின் செவன் வண்டியொன்றின் அடிச்சட்டத்தின்மீது ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு தம் முதல் வண்டியைக் கட்டினார். ஆகவே இது பெருந்தொழிற்சாலை உடையவர்க்கே உரிய வேலை என எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இதற்கு ஒரு முறை உண்டு. அம்முறை தவறினால் வரும் தீங்கும் உண்டு. இரண்டையும் வரிசையாகக் கூறுகின்றேன்.

முதலிற் செய்ய வேண்டியது அளவெடுத்தல். வண்டியை அளப்பதற்கு முன்னர் மனிதரை அளத்தல் வேண்டும். என் தந்தையார் ஆறடி உயரமுள்ளவர். பழைய இருக்கை இருந்த இடம் அவருக்கு ஏற்றது. இனி வண்டியை ஓட்டப்போகின்றவளோ ஐந்தடி உயரமுள்ள என் மகள். தகட்டிலே துளையிடுவதற்கு முன்பு, வெறும் தரையின்மீது செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேற் பலகை வைத்து, முதுகுக்கு வேறொரு பலகை சாய்த்து, அவளை அதில் அமரச் செய்தோம். கிளச்சு மிதியை முற்றாக அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடிந்தே இருத்தல் வேண்டும். தோள்கள் சாய்மானத்தில் பட்டிருக்கும்போது, நீட்டிய கையின் மணிக்கட்டு சுக்கானின் மேல்விளிம்பைத் தொடுதல் வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு அங்குலமாவது வெளியிருத்தல் வேண்டும். இல்லையேல் நெடும் பயணத்திற் கால் மரத்துப்போகும். செங்கல்லை ஏற்றியும் இறக்கியும், பலகையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டோம். அந்த இரண்டு மாலைகளும் பின்னர் இரண்டு மாத வேலையை மீதப்படுத்தின.

அடுத்து, வேலையின் ஒழுங்கு. துரு நீக்கலும் தகடு ஒட்டலும் முடிந்து, வயர்கள் இழுத்த பின்னரே உள்வேலை தொடங்கும். அதிலும் கூரைத்துணி முதலில், பின்னர் பக்கப் பலகைகள், பின்னர் கதவுகள், பின்னர் முகப்புப் பலகை, பின்னர் தரை, எல்லாவற்றிற்கும் இறுதியாக இருக்கைகள். காரணம் எளிது. மேலே உள்ளதன் ஓரத்தைக் கீழே உள்ளது மறைக்கின்றது. கூரைத்துணியின் விளிம்பு முன்கண்ணாடியின் றப்பர் பட்டைக்குள் ஒடுங்க வேண்டியிருப்பதால், கண்ணாடியைப் பொருத்துமுன்பே துணி ஏறிவிடல் வேண்டும். இவ்வொழுங்கை மாற்றினால் செய்ததைக் கழற்றிச் செய்ய நேரும்.

பழைய வண்டிகளின் கூரைத்துணி, கூரைத் தகட்டில் ஒட்டப்படுவதில்லை. வில்போல் வளைந்த கம்பிகளிலே தொங்குகின்றது. துணியைக் குறுக்குத் துண்டுகளாக வெட்டித் தைக்கும்போது, தையலின் பின்புறத்திலே குழல்போன்ற மடிப்பு விடப்படுகின்றது. அம்மடிப்பினூடே கம்பி செல்லும். ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு நீளமும் வளைவும் உடையதாதலின், கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக இலக்கமிட்டு வைத்தல் நன்று. துணியை முதலில் முன்னும் பின்னுமாக இழுத்து, பின்னரே பக்கங்களுக்கு இழுத்து, ஓரங்களைப் பசையினால் ஒட்டுதல் வேண்டும். நம் வெயிலுக்கு, தகட்டுக்கும் துணிக்கும் இடையிலே வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பொன்று வைத்தலும் அவசியம்.

இங்கே நாங்கள் ஒரு தவறு செய்தோம். மார்கழி மாதத்து வாடையில், மழை ஓய்ந்த ஒரு நாளிலே கூரைத்துணியை ஒட்டினோம். பத்து நாட்களில் அது ஓரங்களிற் கழன்று தொங்கிற்று. பசை மட்டமானது என எண்ணினேன். காரணம் அதுவன்று. இரு பரப்புகளிலும் பூசி உலரவிட்டு ஒட்டும் இவ்வகைப் பசையிலே விரைவில் ஆவியாகும் திரவம் உண்டு. அது ஆவியாகும்போது பூசிய பரப்பைக் குளிரச் செய்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், குளிர்ந்த பரப்பிலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகின்றது. அதன்மேல் ஒட்டிய துணி பசையில் ஒட்டாமல் நீரில் ஒட்டி நிற்கின்றது. கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்திலே, அதே பசையைக் கொண்டு, அதே துணியை மீண்டும் ஒட்டினோம். இன்றுவரை அது அசையவில்லை. பசை வேலைக்குக் கோடையே ஏற்ற காலம் என்பதை இந்த மாவட்டத்தவர் நினைவிற் கொள்க. அப்பசையின் ஆவி நச்சுத் தன்மையும் தீப்பற்றும் தன்மையும் உடையது. கதவுகளைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பின்றி வேலை செய்தல் வேண்டும்.

கதவின் உட்பலகைக்கு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஹாட்போட் போதும். பழைய பலகை இருந்தால் அதுவே மாதிரி. எங்களிடம் இல்லாதபடியால், கதவின்மேல் தடித்த தாளை விரித்து, ஓரங்களையும் துளைகளையும் கரிக்கோலால் தேய்த்து எடுத்து, அதனை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிழை திருத்தி, பின்னரே பலகையை வெட்டினோம். றெக்சின் பலகையைச் சுற்றி மடியும்போது அதன் தடிப்பும் சேருமாதலால், பலகையின் ஓரத்தைச் சுற்றிலும் சிறிது குறைத்து வெட்டல் வேண்டும். வளைவான மூலைகளில் மடிப்பை ஆப்பு வடிவிற் கத்தரித்தால் துணி குவியாது படியும்.

இவ்வேலையில் எனக்கு ஆசானாக வாய்த்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த முதிய குசன் வேலைக்காரர் ஒருவர். அவரை நான் நானா என்றே அழைப்பேன். முதற் கதவுக்குரிய பலகையைச் செய்து, அழகாக றெக்சின் போர்த்தி, பெருமையோடு அவரிடம் காட்டினேன். அவர் முன்புறத்தைப் பார்க்கவேயில்லை. பலகையைத் திருப்பிப் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார்.

“சேர், இது ஒரு மாரிக்குத்தான் தாங்கும்,” என்றார்.

“ஏன் நானா? கண்ணாடி றப்பர் எல்லாம் புதிது. மழைத்தண்ணீர் எப்படி உள்ளே வரும்?”

“கதவுக்குள்ளே தண்ணீர் வரத்தான் செய்யும், சேர். வந்த தண்ணீர் போக வழி விட்டிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளி வழியாக மழைநீர் கதவின் உட்கூட்டுக்குள் இறங்குதல் இயல்பு. கதவின் அடிவிளிம்பிலே சிறு துளைகள் இருப்பது அந்நீர் வடிவதற்காகவே. எங்கள் வண்டியில் அத்துளைகள் வர்ணத்தினாலும் மண்ணினாலும் அடைபட்டிருந்தன. துளைகளைத் திறந்தோம். கதவுக்கும் பலகைக்கும் இடையே தடித்த பொலித்தீன் தாளை ஒட்டி, அதன் அடிப்பாகம் கதவின் உட்புறமாக நீரைத் திருப்பும்படி செருகினோம். பலகையின் பின்புறத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு முறை வார்னிஷ் பூசினோம். ஹாட்போட் நீரை உறிஞ்சி ஊதுவது ஓரங்களின் வழியாகத்தான். கண்ணுக்குத் தெரியாத பின்புறத்திற்கு ஒரு நாள் வேலை. தெரியும் முன்புறத்திற்கு அரை நாள் வேலை. நானா வகுத்த கணக்கு அதுவே.

இனி மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு. தமிழில் சாவண்டலை, சமண்டலை என்றும், சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் வழங்கும் அம்மரத்தை, ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். சென்னைக் கடற்கரையில் அலைகளைக் கடந்து கப்பலுக்குச் செல்லப் பயன்பட்ட மசூலாப் படகுகளுக்கு இம்மரமே உகந்ததாகக் கருதப்பட்டது. வண்டிகளுக்கும் பீப்பாய்களுக்கும் இதனைப் பயன்படுத்தினர். வளைந்து கொடுத்து முறியாமல் நிற்பது இதன் சிறப்பு. மொறிஸ் மைனரின் ட்ராவலர் என்னும் வகையிலே, பின்பகுதிச் சட்டம் ஆஷ் என்னும் மேனாட்டு மரத்தினாற் செய்யப்பட்டது. அதிர்வைத் தாங்கும் அதே குணமே அதற்கும் காரணம். ஆகவே, பலகைகளைத் திருகாணியால் இறுக்குவதற்கு உரிய உட்சட்டங்களையும், முகப்புப் பலகையின் அடிச்சட்டத்தையும் நாங்கள் சாவண்டலையிலே செய்தோம். உத்தரவுச் சீட்டுள்ள மரக்காலையில் வாங்கி, நிழலிலே பல மாதம் உலரவிட்ட மரமாக இருத்தல் வேண்டும். ஈர மரத்தில் இறுக்கிய திருகாணி, மரம் சுருங்கியதும் தளர்ந்துவிடும். பின்னர் வண்டி முழுவதும் கடகடவென ஒலிக்கும். உப்புக் காற்றுள்ள ஊராதலால், ஒவ்வொரு திருகாணியையும் கிறீசில் தோய்த்தே இறுக்கினோம்.

இருக்கைக்கு வருவோம். இருக்கை என்பது மூன்று அடுக்கு. அடியிலே உடலின் பாரத்தைத் தாங்கும் வார் அல்லது வில், நடுவிலே அப்பாரத்தைப் பரப்பும் மெத்தை, மேலே உறை. நடு அடுக்குக்கு நாங்கள் தேர்ந்தது றப்பர் தோய்த்த தும்பு. தென்னந் தும்பைக் கயிறாக முறுக்கி, பின்னர் பிரித்தால் அது சுருள் சுருளாக நிற்கும். அச்சுருளின்மீது றப்பர்ப் பாலைத் தெளித்து, அச்சிலிட்டு, வெப்பத்தினாற் பதப்படுத்தினால் வில்போல் அமுங்கி எழும் மெத்தை கிடைக்கும். ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் இருக்கைகளிலே நெடுங்காலம் இருந்தது இவ்வகைத் தும்பு மெத்தையே. தென்னையும் றப்பரும் விளையும் நாட்டில் வாழும் நாம், மலிந்த நுரைமெத்தையை வாங்கிச் சில ஆண்டுகளில் அது தூளாவதைக் கண்டு வருந்துகின்றோம். தும்பு மெத்தை காற்றோட்டம் உடையது, வியர்வையைத் தேக்குவதில்லை. அதன்மேல் ஓர் அங்குல நுரைமெத்தையை மென்மைக்காக வைத்தல் போதும். உறை தைக்கப் பருத்தி நூல் ஆகாது. நம் ஈரத்தில் அது இற்றுவிடும். நைலோன் நூலே தக்கது.

மெத்தையின் மென்மையிலும் பார்க்க முக்கியமானது, இருக்கை தரையிலே பிணைக்கப்படும் வலிமை. அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றார் எனக் கொள்வோம். வண்டி எதனோடாவது மோதி, அவருடைய உடல் 60 சென்றிமீற்றர் தூரத்துக்குள் நிறுத்தப்படுமாயின், அவ்வுடலை நிறுத்துவதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ ஒரு தொன் பாரத்திற்குச் சமமாகும். மெல்லிய தரைத்தகட்டிலே நேரே இறுக்கிய திருகாணி அவ்விசைக்கு முன் நில்லாது. தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவந்துவிடும். ஆதலால் தரையின் அடிப்புறத்தில், கையகலமுள்ள மூன்று மில்லிமீற்றர் உருக்குத் தகடுகளை வைத்து, போல்ற்றுகள் அவற்றினூடே செல்லும்படி அமைத்தோம். பாசப்பட்டிக்கும் இவ்விதியே. வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் மூன்று முனைகளில் இறுகும் பட்டியை அறிமுகப்படுத்தியது 1959ஆம் ஆண்டிலேதான். எங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்தில் அது வழக்கத்தில் இல்லை. பட்டியை மாட்ட உலகெங்கும் பயன்படும் பதினாறில் ஏழு அங்குல போல்ற்றுக்கு ஏற்ற நட்டுடன் கூடிய தகடுகளை, தகடு ஒட்டுபவரைக் கொண்டு பற்றவைத்தோம். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் முயலாது, தேர்ந்தவரிடம் விடுதல் வேண்டும்.

முகப்புப் பலகையை மரத்திற் செய்து மெருகேற்றப் பலரும் ஆசைப்படுவர். நானும் ஆசைப்பட்டேன். ஆனால் மோதலின்போது தலை சென்று படும் இடம் அதுவே. உடைந்த மரம் கூரிய சிராய்களாகப் பிளக்கும். ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணைக்குழுவின் 21ஆம் இலக்க ஒழுங்குவிதி, வண்டியின் உட்புறப் பொருத்துகளுக்கென்றே எழுந்தது. மனிதத் தலைக்கு ஈடாக 165 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டையொன்றை வைத்து, அது தொடக்கூடிய விளிம்புகளின் வளைவு 2.5 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிரித்தானியாவில் தனியார் கட்டிய வண்டிகளைச் சோதிக்கும்போதும் இவ்வளவையே கொள்கின்றனர். எங்களிடம் உருண்டை இல்லை. ஏறத்தாழ அவ்வளவினதான, உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்து, முகப்பு முழுவதும் உருட்டிப் பார்த்தேன். அது தொட்ட விளிம்புகள் அனைத்தையும் அரத்தால் உருட்டினோம். மரத்தை அடிச்சட்டத்தோடு நிறுத்தி, மேலே மெத்தை வைத்து றெக்சின் போர்த்தினோம். அழகு சற்றுக் குறைந்தது, மனம் அமைதியுற்றது.

தரைக்கு, நீரை உறிஞ்சி வைத்திருக்கும் தடித்த கம்பளத்தை விலக்குவதே கடற்கரை ஊருக்கு நன்று. ஈரக் கம்பளத்தின் கீழேதான் துரு பிறக்கின்றது. ஒலியைத் தணிக்கும் தார்த்தகடுகளைத் தரையில் ஒட்டி, அவற்றின்மேல் கழற்றி உலர்த்தக்கூடிய கயிற்றுப் பாய்களை விரித்தோம். மணலோடு ஏறும் கால்களுக்கு அவையே ஏற்றவை.

இத்துணை கவனமும் எடுத்த பின்னரும் நான் செய்த பிழை ஒன்றை மறைக்காமற் கூறுதல் கடமை. பின்னிருக்கையின் அருகேயுள்ள பக்கப் பலகையை இறுக்கும்போது, அரை அங்குலத் திருகாணிகள் முடிந்துவிட்டன. பெட்டியிற் கிடந்த ஓர் அங்குலத் திருகாணி ஒன்றை எடுத்து இறுக்கினேன். அது இலகுவாக ஏறிற்று, வேலையும் முடிந்தது. சில வாரங்களின் பின்னர் ஒருநாள் மாலை, நிலாவெளியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். மகள் வண்டியை ஓட்டினாள். நான் அருகில் இருந்தேன். ஐந்து வயதுப் பேர்த்தி பின்னாலிருந்தாள். இருட்டத் தொடங்கியதும் மகள் விளக்குகளைப் போட்டாள். சிறிது தூரம் சென்றதும், “தாத்தா, புகை மணக்குது,” என்றாள் குழந்தை. திரும்பிப் பார்த்தபோது, அவள் தோளருகே பலகையின் விளிம்பிலிருந்து புகை நூல்போல் எழுந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, முதலிற் குழந்தையை இறக்கி, பின்னர் பற்றறியின் முனையைக் கழற்றினோம். புகை அடங்கிற்று.

பலகையைக் கழற்றியபோது உண்மை வெளிப்பட்டது. பின்விளக்குகளுக்குச் செல்லும் வயர் அதன் பின்னே சென்றது. என் நீண்ட திருகாணியின் முனை வயரின் உறையைத் துளைத்துச் செம்பைத் தொட்டிருந்தது. மைனர் வண்டியின் பழைய மின்னமைப்பிலே இரண்டே இரண்டு பியூஸ்கள். விளக்குச் சுற்றுகளுக்குப் பியூஸே இல்லை. ஆகவே மின்னோட்டத்தைத் துண்டிக்க ஒன்றுமின்றி, வயர் காய்ந்து, உறை எரியத் தொடங்கியிருக்கின்றது. அரை அங்குலத்தில் அமைந்த பிழை, குழந்தையின் தோளருகே புகையாய் எழுந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மூன்று மாற்றங்களைச் செய்தோம். ஒவ்வொரு விளக்குச் சுற்றுக்கும் தனித்தனிப் பியூஸ் பொருத்தினோம். வயர்கள் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடமெல்லாம் றப்பர் வளையம் இட்டு, அவை செல்லும் வழியைப் பலகையின் பின்புறத்தில் வர்ணத்தாற் கோடிட்டுக் காட்டினோம். திருகாணிகளை நீளவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் போத்தல்களில் இட்டோம். அத்துடன், உட்புறத்திற் பயன்படுத்திய துணி வகைகள் அனைத்தையும் வீட்டு முற்றத்தில் எரித்துச் சோதித்தோம். அமெரிக்க அரசு 1972ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்திய விதி ஒன்று உண்டு: உட்புறப் பொருளின் துண்டைக் கிடையாகப் பிடித்து, முனையிலே பதினைந்து விநாடி சுடர் காட்டினால், தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேற் பரவலாகாது. வீட்டுச் சோதனை ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாதெனினும், கொடியதை விலக்க உதவும். நாங்கள் வாங்கியிருந்த அழகிய பட்டுப்போன்ற துணியொன்று, மெழுகுபோல் உருகிச் சுடர்த் துளிகளாகச் சொட்டிற்று. அதனைக் கழற்றி எறிந்தோம்.

இப்பொழுது அவ்வண்டி ஓடுகின்றது. வாரத்திற்கு ஒருமுறை கன்னியா வரையோ, மழையில்லாத நாளில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நானாவின் வீடு வரையோ செல்கின்றோம். தெருவிற் காண்போர் வர்ணத்தைப் பார்த்துப் புகழ்கின்றனர். நானா மட்டும், வந்தவுடன் கதவைத் திறந்து, குனிந்து, அடிவிளிம்பின் துளைகளை விரலால் தடவிப் பார்த்த பின்னரே எங்களை உள்ளே அழைக்கின்றார்.

வீட்டில் வண்டி கட்ட எண்ணும் இளைஞர்க்கு நான் கூறத்தக்கது இதுவே. அமர்பவரை அளந்து தொடங்குங்கள்; ஒழுங்கு மாறாது செய்யுங்கள்; எவரும் பார்க்காத பின்புறத்துக்கு முன்புறத்திலும் இரு மடங்கு நேரம் கொடுங்கள். பொருத்தமான திருகாணி கையில் இல்லாதபோது வேலையை நிறுத்திக் கடைக்குச் சென்று வாருங்கள். அந்தக் கால் மணி நேரத்தை மீதப்படுத்த முயன்றவன் என்ற முறையில், இதனை மட்டும் உறுதியாகக் கூற எனக்கு உரிமை உண்டு.